ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை

அச்சகத்தின் பின்னறையில், காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஒட்டி ஒரு மேசை கிடக்கும். எப்போது போனாலும் அந்த மேசையில் ஓர் அம்மாள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள். கையில் ஒரு சிவப்புப் பேனா, காதில் செருகியபடி இன்னொன்று. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு தாளையும் படித்துப் பிழை திருத்துவதுதான் அவள் வேலை. வாடிக்கையாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டால் வணக்கம்கூடச் சொல்ல மாட்டாள். "உங்க பேர்ல வர்றது ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் அவளுக்குச் சுழியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

காதில் ஒரே மாதிரி விழுந்து எழுத்தில் வேறாக நிற்கும் சொற்கள் இருக்கின்றனவே, அவற்றோடுதான் அவளுக்குத் தினமும் மல்லுக்கட்டு. உரையும் உறையும், கரையும் கறையும், வலியும் வழியும் அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போக முடியாது. ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகையில் "அன்பளிப்பைத் தவிர்க்கவும்" என்று வர வேண்டிய இடத்தில் "அன்பழிப்பைத் தவிர்க்கவும்" என்று வந்திருந்தது.

"விடுங்கக்கா, சாப்பிட வர்றவன் இதையெல்லாமா பாக்கப் போறான்?" என்றார் முதலாளி.

"அன்பை அழிக்காதீங்கன்னு ஊருக்கே சொல்றாங்க. பாவம், அவங்க வீட்டுல என்ன கூத்தோ" என்று சொல்லிக்கொண்டே சுழியக்கா சிவப்பு வட்டம் போட்டாள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மனதுக்குள் ஓர் ஆளை உட்கார வைத்து ராப்பகலாகக் கறுவிக்கொண்டிருப்பவளுக்குச் சிரிப்பு எங்கேயிருந்து வரும்? அந்த ஆள் வேறு யாருமில்லை. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான்.

ஊரே "அவர்" என்று சொல்லும் மனிதனை நான் "அவன்" என்று சொல்லப்போகிறேன். சுழியக்கா அப்படித்தான் சொல்வாள். கதை அவளுடையது, மரியாதையும் அவள் இஷ்டம்.

அண்ணன்காரன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஊரில் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேலை அல்ல, தொண்டை. அப்படி ஒரு குரல். அப்படி ஓர் உச்சரிப்பு. அவன் "வாழைப்பழம்" என்று சொன்னால் பழமே உரிந்து வாயில் விழுந்ததுபோல இருக்கும். எந்தக் கூட்டமானாலும் வரவேற்புரை அவன்தான், நன்றியுரையும் அவன்தான். மற்றவர்கள் யாராவது "பளம்" என்று சொல்லிவிட்டால் மேடையென்றும் பாராமல் திருத்துவான். அந்த வாய் ஒருநாள் செய்த வேலையைத்தான் அவன் தங்கையால் மன்னிக்க முடியவில்லை.

அவளுக்கு இளவயதாக இருந்தபோது, அச்சகத்துக்கு எதிர்வரிசையில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் அவளை விரும்பினார். வளவளவென்று பேசாத மனிதர். அச்சடிக்கக் கொடுத்த ரசீதுகளில் கடைப்பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்கிற சாக்கில் வாரத்துக்கு இரண்டு தடவை வருவார். அவளும் இல்லாத பிழையைத் தேடிக் கண்டுபிடித்து அவரை நிறுத்தி வைப்பாள். கடைசியில் தன் அக்காவை அழைத்துக்கொண்டு முறையாக வீட்டுக்கே வந்துவிட்டார். அவள் அம்மா அப்போதுதான் வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்த படுக்கையாகியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுகூட அந்த மனிதர் சொன்னார். எல்லோரும் சிரித்துப் பேசினார்கள். போகும்போது பேருந்து நிறுத்தம்வரை அண்ணன் கூடப் போனான்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவே இல்லை. மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்தால் கடையின் உள்ளே போய்விடுவார். சில மாதங்களில் கடையை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனார். "பிடிக்கலைன்னா விடு, உலகத்துல வேற ஆளே இல்லையா" என்றான் அண்ணன். உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம், அவள் வீட்டுப் படியேறி வேறு யாரும் வரவில்லை. அண்ணன் பெண்டாட்டியோடு தனிக்குடித்தனம் போனான். அம்மா இவள் கையில் மிஞ்சினாள். காலையில் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, பக்கத்து வீட்டம்மாளிடம் சொல்லிவிட்டு அச்சகத்துக்கு ஓடுவாள். மத்தியானம் ஓடி வந்து புரட்டிப் படுக்க வைத்துவிட்டுத் திரும்ப ஓடுவாள். அம்மாவின் முதுகில் ஒரு புண் வரவில்லை. வைத்தியர் வந்து பார்த்து அசந்துபோனார். இப்படியே வருடங்கள் போய், அவள் தலையும் நரைத்து, ஒருநாள் அவள் ஊட்டிய கரண்டிக் கஞ்சியை விழுங்காமலே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

அதற்கும் கொஞ்ச நாள் கழித்துப் பல் பிடுங்கப் போன இடத்தில், காத்திருக்கும் நாற்காலியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான பெண் அவளை உற்று உற்றுப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரரின் அக்கா.

"நல்லாத்தானேம்மா இருக்க?" என்றாள் அந்தப் பெண் ஆச்சரியமாக. "உனக்கு அடிக்கடி நினைவு தப்பிடும், கட்டிப்போட்டுத்தான் வைப்போம்னு உங்க அண்ணன் சொன்னாரே. என் தம்பி எத்தனை நாள் அழுதான் தெரியுமா?"

சுழியக்கா பல்லைப் பிடுங்காமலே எழுந்து வந்துவிட்டாள். வலியெல்லாம் எங்கே போயிற்றோ. நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று கேட்டாள்.

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அசையாமல், ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாக உச்சரித்துச் சொன்னான். "நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு. உனக்கும் காது சரியா கேக்கல போல."

அண்ணி சமையலறை வாசலில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள்.

"சரி, நீ சொல்லல" என்றாள் தங்கை. "ஒருநாள் உன் வாயாலயே சொல்ல வைக்கிறேன். நாலு பேர் முன்னால. அதுவரைக்கும் எனக்குச் சாவு வராது, பாத்துக்க."

அன்றிலிருந்து அவள் உயிரோடு இருந்ததே அதற்காகத்தான். சொத்து வேண்டாம், சோறு வேண்டாம், காலில் விழ வேண்டாம். அந்த வாய் அதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஊரில் தமிழ்ச் சங்கம் ஒன்று பிள்ளைகளுக்கு வாரக்கடைசி வகுப்பு நடத்தியது. வருடத்துக்கு ஒருமுறை சொல்வதெழுதுதல் போட்டி வைப்பார்கள். பிள்ளைகள் மண்டபத்தின் நடுவில் மேசை போட்டு உட்கார, பெற்றோர் சுற்றிலும் உட்கார, மேடையிலிருந்து ஒருவர் ஒலிவாங்கியில் ஒரு பத்தியைப் படிப்பார். பத்தி முழுக்க ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களாகப் பொறுக்கிப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை படிக்க வேண்டும். நிறுத்தக்குறியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்த எழுத்து என்று ஒரு பிள்ளை கையைத் தூக்கிக் கேட்டால் எழுத்தையும் பொருளையும் விளக்க வேண்டும். பத்தி ஒட்டிய உறைக்குள் வரும், மேடையில்தான் பிரிக்க வேண்டும். வருடா வருடம் படிப்பவன் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

அவள் கறுவத் தொடங்கிச் சில வருடங்கள் கழித்து, பத்தியை எழுதித் தரும் ஆசிரியை ஒரு வருடம் பிரசவத்துக்குப் போய்விட்டாள். சங்கச் செயலாளர் அச்சகத்துக்கு ஓடி வந்தார்.

"அக்கா, நீங்கதான் கைகொடுக்கணும். இந்த ள, ழ, ர, ற விவகாரமெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்டபாடு. விடைத்தாளும் நீங்களே திருத்திக் குடுத்துடுங்க."

"என்ன தலைப்புல எழுதணும்?" என்றாள் சுழியக்கா.

செயலாளர் முகம் மலர்ந்தது. "அண்ணன் தங்கை பாசம்னு எழுதுங்களேன். உங்க அண்ணன்தான் படிக்கப்போறாரு. நீங்க எழுத, அவரு படிக்க, எவ்வளவு பொருத்தமா இருக்கும்!"

"ரொம்பப் பொருத்தமா இருக்கும்" என்றாள் அவள்.

"நான் ஒரு தடவை பாக்கணுமா? வேண்டாம் வேண்டாம், நீங்க எழுதினதுல எவன் தப்புக் கண்டுபிடிக்கிறது. நீங்களே உறையில போட்டு ஒட்டிடுங்க."

அந்தப் பத்தியை எழுத அவள் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. ஒரு சொல்லை எழுதுவாள், அதை அவன் குரலில் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள், வாயைப் பொத்திக்கொள்வாள். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னக்கா, லாட்டரி அடிச்சிருச்சா?" என்று கேட்டார். நடுவில் ஒருமுறை மட்டும் பேனா நின்றது. அண்ணனின் பேத்தியும் போட்டியில் எழுதுகிறாள் என்பது நினைவுக்கு வந்தது. குழந்தை என்ன பாவம் செய்தது? கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, நான் மட்டும் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டுக்கொண்டு எழுதி முடித்தாள்.

போட்டி நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. சுழியக்கா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் அண்ணி, பட்டுப் புடவையோடு. மேசைகளின் நடுவே பேத்தி, இரட்டைச் சடையோடு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். அண்ணன்காரன் மேடையேறினான். கைதட்டல். உறையைத் தூக்கிக் காட்டினான். பிரித்தான். தொண்டையைச் செருமினான். அந்தக் கனைப்புக்கே இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"ஓர் ஊரில் ஓர் அண்ணனும் தங்கையும் வாழ்ந்தனர். முற்றுப்புள்ளி." திரும்ப ஒருமுறை. தேனாக ஓடியது குரல்.

"தங்கையை மணம் பேச நல்ல மனம் படைத்த ஒருவர் வந்தார். முற்றுப்புள்ளி." அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. தன் குரலைத் தானே ரசித்துக்கொண்டிருப்பவனுக்குப் பொருள் எங்கே காதில் விழும்? சுழியக்கா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விருந்தினரை வழியனுப்ப அண்ணன் உடன் சென்றான். முற்றுப்புள்ளி." இரண்டாவது முறை படிக்கும்போது "உடன் சென்றான்" சற்று மெதுவாக வந்தது. அவன் கண் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

மண்டபம் காத்திருந்தது. பென்சில்கள் காத்திருந்தன. அவன் தண்ணீர் குடித்தான். முகத்தில் ஈயாடவில்லை. கண் ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் அவளைக் கண்டுபிடித்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. படி என்று மனதுக்குள் சொன்னாள். படிடா.

"ஐயா, அடுத்த வரி?" என்றது ஒரு குழந்தை.

"தங்கைக்கு நினைவு தப்பும் என்று... வழியில் ஒரு பொய் உரைத்தான். முற்றுப்புள்ளி."

"திரும்பச் சொல்லுங்க ஐயா!"

திரும்பச் சொன்னான். சுழியக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. எத்தனை வருடத்துத் தாகம்! அவன் வாய், அவன் குரல், அதுவும் ஒலிவாங்கியில். முன்வரிசையில் அண்ணி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாழ்வு அளிப்பவன்போல் நடித்து, கால்புள்ளி, அவள் வாழ்வை அழித்தான். முற்றுப்புள்ளி." ஊரே மெச்சிய அந்த நாக்கு கடைசிச் சொல்லில் புரண்டது. ழவும் இல்லாமல் ளவும் இல்லாமல் ஏதோ வந்தது.

பேத்தி கையைத் தூக்கினாள். "ஐயா, கடைசியில எந்த எழுத்து? கொடுத்தானா, வேறயா?" வீட்டில் தாத்தா என்று கூப்பிடுகிறவள், போட்டி என்பதால் மரியாதையாக ஐயா என்றாள்.

அவன் குழந்தையைப் பார்த்தான். "சிறப்பு ழகரம்" என்றான். "அழித்தான். ஒன்றுமில்லாமல் ஆக்கினான் என்று பொருள்."

பேத்தி குனிந்து எழுதினாள். நூறு நாள் பட்டினி கிடந்தவள் முன்னால் இலை போட்டதுபோல இருந்தது சுழியக்காவுக்கு. இன்னும் இரண்டு வரி பாக்கி. "கேட்டபோது இல்லை என்று மறைத்தான்." அது ஒன்று. "அவன் இன்றும் மேடையேறிக் கைதட்டல் பெறுகிறான்." அது கடைசி. அதை எழுதியபோதுதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அவன் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னார்" என்றான். "முற்றுப்புள்ளி."

சுழியக்கா நிமிர்ந்தாள். அது அவள் எழுதாத வரி.

"அண்ணனுக்கும் அது வசதியாக இருந்தது. முற்றுப்புள்ளி."

"ஐயா, கேக்கல, இன்னொரு தடவை" என்றது ஒரு குரல். அவன் இரண்டையும் இன்னொரு தடவை சொன்னான். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும்படி. பிறகு கைதட்டலுக்கு நிற்காமல் மேடையை விட்டு இறங்கினான். பத்தி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சனங்கள் பழக்க தோஷத்தில் தட்டினார்கள்.

சுழியக்கா தாழ்வாரத்துக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய். இதுவும் பொய். செத்தவள் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான். படுபாவி, படுபாவி. அண்ணி பின்னாலேயே வந்தாள்.

"நெசம்தாம்மா" என்றாள் அண்ணி. "அன்னைக்கு அவங்க கிளம்புறதுக்கு முன்னால, நான் உள்ளறையில அத்தைக்குக் கஞ்சி குடுத்துட்டு இருந்தேன். அவங்க வீட்டுல வெச்சுப் பாக்குறோம்னு சொன்னதை அத்தை நம்பல. 'மருமகன் வீட்டுல எத்தனை நாளைக்குடா? இவளும் போயிட்டா என்னை யாரு பாப்பா? உன் பொண்டாட்டியா பாப்பா?'ன்னு உங்கண்ணன் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. ஏதாவது சொல்லிக் கலைச்சுவிடுன்னாங்க. நான் வாயத் திறக்கல."

"ஏன் திறக்கல?"

அண்ணி புடவைத் தலைப்பைக் கசக்கினாள். "எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு."

அண்ணன் கதவருகே வந்து நின்றான். மேடையில் இருந்த ஆளில் பாதிதான் இருந்தான்.

"அன்னைக்கு வீடு தேடி வந்து கேட்டேனே, அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று சீறினாள் தங்கை.

"நீ அம்மாவைப் பாத்துக்கிட்ட விதத்தை நான் கண்ணால பாத்தவன். அவங்களைப் பத்தி எப்படிச் சொல்றது உன்கிட்ட? மனசு வரல."

"மனசாம் மனசு! சொல்லச் சொன்னது அம்மா. சொன்னது யாரு வாய்? அவங்களுக்குத்தான் வாதம். உனக்குமா வாய் இழுத்துக்கிச்சு?"

அவள் கைப்பையிலிருந்து பத்தியின் நகலை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு வரி விட்டுட்ட. படி."

"இங்கயா?"

"இங்கதான். ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை. முற்றுப்புள்ளியோட."

அவன் படித்தான். மறைத்தான் என்று படித்தான், மேடையேறிக் கைதட்டல் பெறுகிறான் என்று படித்தான். இரண்டு இரண்டு முறை. கேட்க அண்ணியும் அவளும் தவிர யாரும் இல்லை. அவள் கேட்டு முடித்துவிட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது. நடந்து என்ன? வயிற்றெரிச்சல் அடங்கினால்தானே! இத்தனை வருடம் குறி வைத்திருந்த ஆளுக்குப் பின்னால் இன்னோர் ஆள் நின்றிருக்கிறாள். அவளை இனி எந்த மேடையில் ஏற்றுவது?

மறுநாள் மத்தியானம் வீட்டில் விடைத்தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். மணத்தில் தடுக்கியிருந்தார்கள் சிலர், உரைத்தானில் விழுந்திருந்தார்கள் பலர். சிவப்புப் பேனா பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எந்தத் தாளை எடுத்தாலும் அந்த இரண்டு வரியில் பிழையே இல்லை. அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னார். அண்ணனுக்கும் அது வசதியாக இருந்தது. விதவிதமான குழந்தைக் கையெழுத்துகளில், குண்டு குண்டாக, கோணல் மாணலாக, ஒவ்வொரு தாளிலும். வாசிப்பவர் கூட்டிச் சொன்னதை அடித்துவிட வேண்டும் என்பது விதி. அவள் ஒன்றைக்கூட அடிக்கவில்லை.

பேத்தியின் தாள் கடைசியாக வந்தது. முழு மதிப்பெண். போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள். எதிர்ச் சுவரில் அம்மாவின் படம் இருந்தது. இழுத்துக்கொண்ட வாய் தெரியாதபடி, வாதம் வருவதற்கு முன்னால் எடுத்த படம். சுழியக்கா எழுந்து போய் அதன் முன்னால் நின்றாள்.

"ஏம்மா" என்றாள். திட்டத்தான் போனாள். வாயில் வந்ததையெல்லாம் கொட்டத்தான் போனாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே இருந்திருப்பேனேம்மா. நீ கேக்கவே இல்லையே."

பிறகுதான் அழுகை வந்தது. அம்மா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தைக் கழற்றி முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினாள். இன்றும் அது அப்படியேதான் தொங்குகிறது. வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், "தப்புப் பண்ணினா சுவரைப் பாத்துத்தான் நிக்கணும்" என்பாள். ஆனால் தினமும் காலையில் அச்சகத்துக்குக் கிளம்புமுன், அந்தப் படத்தின் முதுகை ஒரு துணியால் துடைத்துவிட்டுத்தான் போகிறாள்.